கயிற்றுக்கு அந்தப் பக்கம்

வீட்டுக்காரர் செபமாலை பின்வளவின் நடுவே மஞ்சள் நைலோன் கயிறு கட்டியபோது, றோசா குசினிக் கதவைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள். ஏப்ரல் கடைசி. பனி கரைந்துவிட்டது. ஐந்து மாதமாகப் பனிக்குள் புதைந்து கிடந்த நாய்ப்பீயும் சிகரெட் கட்டையும் கோப்பிக் குவளை மூடிகளும் வெளிச்சத்துக்கு வந்திருந்தன. செபமாலை சப்பாத்தில் சேறு படாமல் பலகை போட்டு நடந்து, வேலியோரத்தில் ஒரு இரும்புக் குத்தியும் வாசலோரத்தில் இன்னொன்றும் அடித்துக் கயிற்றை இழுத்து முடிந்தார்.

"றோசா, கயித்துக்கு இந்தப் பக்கம் உனக்கு. அந்தப் பக்கம் மேல்வீட்டுப் பிள்ளையளுக்கு. பிரச்சினை முடிஞ்சுது."

"பிரச்சினை ஒண்டும் இருக்கேல்லையே, செபமாலை அண்ணை. இப்பதானே தொடங்குது."

"என்ன கண்டறியாத பிரச்சினை?"

"அந்தப் பக்கம்தான் வெயில் விழுற பக்கம்."

"நான் கயித்தைத்தான் கட்டினனான். வெயிலைக் கட்டேல்லை," என்று சொல்லி, தன் பகிடிக்குத் தானே சிரித்துக்கொண்டு அவர் காருக்குப் போனார்.

றோசாவுக்குக் கோபம் வந்தது. வரத்தானே செய்யும். மொன்றியலில், செயின்ட்-மிஷேலில் அந்தக் கீழ்வீட்டுக்கு அவளும் புருசன் அருமைராசாவும் குடிவந்தபோது பின்வளவில் மண் என்று சொல்ல ஒன்றும் இல்லை. செங்கல் உடைசல், போத்தல் ஓடு, துருப்பிடித்த சைக்கிள் சில்லு. மண்வெட்டி போட்டால் 'ணங்' என்று சத்தம்தான் வரும். ஒவ்வொரு கல்லாக அவள் பொறுக்கி எடுத்தாள். இலையுதிர்காலத்தில் அயலவர்கள் பையில் கட்டித் தெருவில் வைக்கும் மேப்பிள் சருகையெல்லாம் இழுத்து வந்து தாட்டாள். அப்போது அவளுக்கு டோர்வல் விமானநிலையத்தில் விமானம் கழுவுகிற வேலை. இரவெல்லாம் இருக்கைக்கு இடையில் சனம் துப்பியதையும் சத்தி எடுத்ததையும் துடைத்துவிட்டு வந்து, விடியப் பின்வளவில் கொத்துவாள். பிறகு வலது தோள்மூட்டு போயிற்று. கை தோளுக்கு மேலே எழும்பாத மனுசியை வைத்து என்ன செய்வது என்று வேலையிடம் அவளை வீட்டுக்கு அனுப்பியது. அருமைராசா மட்டும் இன்னும் அங்கே பெட்டி தூக்குகிறார்.

அதற்குப் பிறகு அவளுக்கு மிஞ்சியது அந்த வளவுதான். ஓகஸ்ட், செப்டெம்பர் வந்தால் பங்குச் சனம் அவளைத் தேடும். "றோசாக்கா, பாகற்காய் இருக்கோ? பயித்தங்காய் இருக்கோ?" ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோவில் வாசலில் பைகளோடு நிற்பாள். பிடித்தவர்களுக்கு நேர்க்காய். பிடிக்காதவர்களுக்குக் கூனல் காய். மற்ற பத்து மாதமும் அவளை ஏறிட்டுப் பாராத பெண்கள் அந்த இரண்டு மாதமும் "அக்கா, அக்கா" என்று சேலைத் தலைப்பைப் பிடிப்பார்கள். அந்த மரியாதையைத்தான் செபமாலை பாதியாக வெட்டிக் கயிறு போட்டிருந்தார்.

மேல்வீட்டுக்காரர் மாசி மாதக் குளிரில் வந்தவர்கள். இரவிச்சந்திரன், அவன் மனைவி கௌரி, மூன்று வயதுப் பெண்குழந்தை. அகதி வழக்குக்கு இன்னும் கூப்பிடவில்லை. இரவிக்குச் செயின்ட்-லோரன்டில் ஒரு களஞ்சியத்தில் இரவு வேலை. மேல்வீட்டில் சுடுகாற்றுப் பெட்டி பாதிதான் வேலை செய்யும்; யன்னல் இடுக்கால் பனிக்காற்று ஊளையிடும். அந்த வீட்டை யார் தலையில் கட்டலாம் என்று பார்த்திருந்த செபமாலை, "கீழை தோட்டமும் இருக்குப் பிள்ளை" என்று சொல்லிக் கட்டிவிட்டார்.

மே மாதம் பிறந்ததும் கௌரி பின்பக்க இரும்புப் படியால் இறங்கி வந்தாள். இரண்டு கைகளிலும் தட்டம். தட்டம் நிறையத் தயிர்க் கோப்பைகளில் நாற்று. அதைக் கண்டதும் றோசாவின் கண் குத்தி நின்றது. பாகல், கத்தரி, மிளகாய், எல்லாம் தண்டு தடித்துக் குட்டையாக, கறுப்புப் பச்சையில் நின்றன. றோசாவின் நாற்றுகள் யன்னலோரம் வெளிச்சம் தேடி நீண்டு, நோயாளியின் கழுத்துப் போலத் துவண்டு கிடந்தன.

"எப்பிடிப் பிள்ளை இப்பிடி?"

"கையாலை தடவி விடுவன் அன்ரி. காலமை ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா. காத்து அடிக்கிறதெண்டு நினைச்சுத் தண்டு உரக்கும். நாங்கள் கோப்பாய். அப்பா தோட்டக்காரன்தானே."

"நாங்கள் பாசையூர். எங்களுக்குக் கடல்தான் தோட்டம்," என்றாள் றோசா. சிரிக்கவில்லை.

"இண்டைக்கே நட்டால் என்ன அன்ரி? நல்ல வெக்கை."

வெக்கைதான். மரத்தில் ஒரு இலை இல்லை. ஆனால் சனம் கட்டைக் காற்சட்டையோடு திரிந்தது. நடு பிள்ளை, நடு என்று சொல்ல றோசாவுக்கு வாய் வரைக்கும் வந்தது. ஆனால் வேலிக்கு அந்தப்புறம் மதாம் ஜினெத் நின்றாள். வெள்ளை மயிர் நாய்க்குட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். எழுபது வயதுக் கியூபெக்காரி. தமிழ் விளங்காவிட்டாலும் நாற்று விளங்கும். அவள் கையை ஆட்டி, குளிர்ப் புனிதர்களின் நாள் இன்னும் கழியவில்லை, கழியுமுன் நட்டால் எல்லாம் கருகும் என்று பிரெஞ்சில் கத்தினாள்.

வேறு வழியில்லாமல் றோசா அதைத் தமிழில் சொன்னாள். "மே நடுவிலை ஒரு உறைபனி வரும் பிள்ளை. அது போனாப் பிறகுதான் நடவேணும். கொஞ்சம் பொறு."

உறைபனி சொல்லி வைத்ததுபோல வந்தது. ஒரு காலை கார்க் கண்ணாடியெல்லாம் வெள்ளை பூத்துக் கிடந்தது. கௌரி படியால் ஓடி இறங்கி வந்து றோசாவின் கையைப் பிடித்தாள். "நல்ல காலம் அன்ரி, நீங்கள் சொன்னனீங்கள். இல்லாட்டி எல்லாம் போயிருக்கும். இஞ்சை எனக்கு ஒருத்தரையும் தெரியாது. நீங்கள் இருக்கிறது எனக்கு அம்மா இருக்கிற மாதிரி."

பிடித்த கையை றோசா உதறவில்லை. இந்தப் பிள்ளை இனி நான் எது சொன்னாலும் கேட்கும் என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.

மே மாதத்து நீண்ட வார இறுதி விடுமுறை வந்தது. மொன்றியலில் எல்லாரும் நடுகிற நாள். கௌரி தன் பக்கத்தைக் கொத்தி, கட்டி உடைத்து, வரம்பு பிடித்துப் பாத்தி கட்டியிருந்தாள். பாத்தி பார்க்க அழகாக இருந்தது. அதுதான் றோசாவுக்குப் பொறுக்கவில்லை. தன் மண், தன் சருகு, தான் கல் பொறுக்கிய இடம். யாரோ ஒருத்தி வந்து பொட்டு வைத்துக் குடும்பம் நடத்துகிறாள்.

"அன்ரி, பசளைக்கு என்ன செய்யிறனீங்கள்? ஊரிலை எண்டால் மாட்டெரு. இஞ்சை கடையிலை விக்கிறது வெறும் மரத்தூள் மாதிரிக் கிடக்கு."

றோசாவுக்குத் தன் முதற்கோடை நினைவில் வந்தது. ஊரில் செய்த மாதிரி மீன்கடைக் கழிவைக் கொண்டுவந்து பாகலடியில் தாட்டவள் அவள். மூன்றாம் நாள் ஸ்கங்க் வந்தது. கறுப்பு உடம்பில் வெள்ளைக் கோடு ஓடுகிற, பூனையளவு சாமான். பார்க்கச் சாது. வாலைத் தூக்கி அடித்தால் ஒரு தெருவே மூக்கைப் பொத்தும். பாத்தியெல்லாம் கிண்டி, கன்றெல்லாம் புரட்டி, அந்தக் கோடை முழுக்க அது போகவே இல்லை. முழங்கை ஆழம் தாட்டும் அது விடவில்லை. மணம் தெரிந்த இடத்தை அது மறக்காது.

"மீன் பிள்ளை," என்றாள் றோசா. "செவுள், குடல், தலை. அதுதான் பசளை. ஒரு வாளி மீன் தாட்டால் மாட்டெரு நாலு மூட்டைக்குச் சமன்."

"ஓம் அன்ரி, ஊரிலை தென்னைக்குத் தாட்டுவிடுறவை. எனக்கு அருவருப்பு. ஆனால் பரவாயில்லை. எங்கை எடுக்கிறது?"

"நான் எடுத்துத் தாறன். எங்களுக்கு மீன்கடைக்காரப் பெடியனைத் தெரியும்."

"எவ்வளவு ஆழம்?"

"ஒரு சாண் காணும். ஆழத் தாட்டால் வேர் எடுக்காது."

அன்று பின்னேரம் அருமைராசா மீன்கடையிலிருந்து இரண்டு வாளி கழிவைக் காரில் கொண்டுவந்து இறக்கினார். மூக்கைச் சுளித்துக்கொண்டு, "எடியே, உனக்கென்ன விசரோ? அந்த முறை நடந்தது மறந்து போச்சோ?" என்று கேட்டார்.

"எனக்கில்லை. மேல்வீட்டுக்கு."

அவர் மேலே பார்த்தார். கௌரி பல்கணியில் குழந்தைக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தாள். அருமைராசா வாளிகளை இறக்கி வைத்துவிட்டு உள்ளே போய்த் தொலைக்காட்சியைப் போட்டார். பெட்டி தூக்குகிற மனுசன். யாருடைய பெட்டி, உள்ளே என்ன என்று கேட்டுப் பழக்கமில்லை.

கௌரி வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு மீன் கழிவைத் தாட்டாள். இடையில் இரண்டு முறை வேலியோரம் போய் ஓங்காளித்தாள். றோசா தன் பக்கத்துப் பாத்தியின் மேல் கோழிக்கூட்டுக் கம்பிவலையை விரித்து, ஓரமெல்லாம் கல் வைத்து இறுக்கினாள்.

"வலை ஏன் அன்ரி?"

"அணில் பிள்ளை. எனக்கு மிளகாய்க் கண்டைக் கடிச்சுப் போடும்."

ஸ்கங்க் வர மூன்று நாள்கூடச் செல்லவில்லை. காலையில் கௌரி இறங்கி வந்தபோது அவளுடைய பாத்தியில் குழி குழியாகக் கிடந்தது. இரண்டு கத்தரிக் கன்று வேர் மேலே போய்க் கிடந்தது. மீன் தலையொன்று நடுவழியில் வாயைப் பிளந்தபடி வானத்தைப் பார்த்தது. கௌரி அழவில்லை. கன்றுகளை எடுத்து மீண்டும் நட்டு, தலையை மீண்டும் தாட்டாள். மறுநாளும் கிண்டியிருந்தது. மறுநாளும் நட்டாள். அவளுக்கு அது என்ன மிருகம் என்றே தெரியாது.

"இஞ்சத்தை நாய் போலை, அன்ரி."

"இருக்கும்," என்றாள் றோசா.

நாலாம் நாள் மதாம் ஜினெத்தின் நாய்க்குட்டி வேலி இடுக்கால் புகுந்து அந்த வெள்ளைக்கோட்டுச் சாமானோடு சண்டைக்குப் போயிற்று. பிறகு அது போட்ட கூச்சலில் தெரு முழுக்க விளக்கு எரிந்தது. நாற்றம் என்றால் அது சாதாரண நாற்றம் இல்லை. எரிந்த றப்பரும் அழுகிய உள்ளியும் சேர்ந்து தொண்டைக்குள் இறங்கும். மதாம் ஜினெத் நாயைத் தக்காளிச் சாற்றில் குளிப்பாட்டினாள். நாய் சிவப்பாகியது, மணம் போகவில்லை. அந்த ஞாயிறு பூசையில் றோசாவுக்கு முன் வாங்கில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழும்பி வேறு வாங்குக்குப் போனார்கள். அவளுடைய நல்ல சேலையிலும் அது ஏறியிருந்தது. பரவாயில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு முழங்காலில் நின்றாள். கயிற்றை நினைத்துக்கொண்டாள்.

மதாம் ஜினெத் நகரசபைக்கும் அறிவித்தாள், செபமாலைக்கும் அறிவித்தாள். செபமாலை வெள்ளைச் சேட்டோடு வந்து, மூக்கில் லேஞ்சியைப் பொத்திக்கொண்டு பின்வளவில் நின்றார். கௌரி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கி வந்தாள்.

"என்ன பிள்ளை இது? மீன்கடையோ வச்சிருக்கிறியள்?"

"பசளைக்குத் தாட்டனான் ஐயா. இப்பிடி வருமெண்டு தெரியாது. றோசா அன்ரிதான் சொன்னவ." குற்றம் சாட்டும் குரலாக அது இல்லை. அன்ரியே விளங்கப்படுத்துவா என்கிற நம்பிக்கைதான் அதில் இருந்தது.

செபமாலை திரும்பினார். "நீயோ சொன்னனீ?"

"நானோ?" றோசா கம்பிவலைக்குப் பக்கத்தில் குந்தியிருந்து புல் பிடுங்கிக்கொண்டிருந்தாள். எழும்பவில்லை. "எனக்கென்ன விசரோ அண்ணை? இந்த நாட்டிலை ஆராவது மீன் தாப்பினமோ? நான் கடைப் பசளைதான் போடுறனான். வேணுமெண்டால் பையைக் காட்டுறன்."

கௌரி ஒரு அடி முன்னால் வந்தாள். "அன்ரி... நீங்கள்தானே வாளியிலை கொண்டுவந்து தந்தனீங்கள். அங்கிள்தானே காரிலை..."

"பிள்ளை, வயசுக்கு மூத்தாக்களிலை பழி போடாதை."

"அப்ப உங்கடை பக்கத்துக்கு ஏன் வலை போட்டனீங்கள்?"

அந்தக் கேள்வி நேராக வந்து நின்றது. றோசா புல்லை உதறினாள். "அணிலுக்கெண்டு அண்டைக்கே சொன்னனான். உனக்குச் சொன்னால் விளங்காதெண்டால் நான் என்ன செய்ய?"

செபமாலைக்கு எல்லாம் விளங்கியது. அவர் என்ன, குழந்தையா? ஆனால் விளங்கியதை வைத்து அவருக்கு ஒரு லாபமும் இல்லை. விளங்காததை வைத்துத்தான் லாபம். றோசாவைச் சற்று அப்பால் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இதுகளை எழுப்பவேணும் றோசா. மேல்வீட்டைத் திருத்தி நல்ல ஆக்களை வைக்க யோசிக்கிறன். அவை போனால் வளவு முழுக்க நீயே செய். எனக்கு ஒருத்தரும் தேவையில்லை. நீ இடையிலை நிண்டு குழப்பாமல் இருந்தால் காணும்."

"நான் ஏன் குழப்புறன்?"

அவர் திரும்பிவந்து பெரிய குரலில் சொன்னார்: "நகரசபை ஆள் வரப்போறான், பிள்ளை. வந்து பெயர், முகவரி எல்லாம் எழுதுவான். எழுதினால் நேரே குடிவரவுக்குப் போகும். கேஸ் இருக்கிற ஆக்கள் நீங்கள். பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது."

படியின் மேலே இரவிச்சந்திரன் நின்றான். இரவு வேலை முடிந்து படுத்தவன். பனியனோடு, கண் சிவந்து நின்றான். கீழே இறங்கி வந்து செபமாலையைப் பார்க்கவில்லை. குசினி வாசலில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்ற அருமைராசாவிடம் போனான்.

"அங்கிள், நீங்கள் கேஸ் எல்லாம் முடிச்ச ஆக்கள். உங்களுக்குத் தெரியும். இப்பிடிச் செய்வினமோ? ஒரு பாத்திக்காக?"

அருமைராசா வாயைத் திறந்தார். தங்கள் அகதி வழக்கு நடந்த காலத்தில் அவர் இரண்டு முறை பொலிஸில் பிடிபட்டவர். ஒருமுறை குடித்துவிட்டுத் தெருவில் சண்டை பிடித்ததற்கு. ஒன்றும் நடக்கவில்லை. மீன் தலைக்காக யாரும் யாரையும் நாடு கடத்துவதில்லை என்று அவருக்குத் தெரியும். றோசாவுக்கும் தெரியும்.

"ஓம் தம்பி," என்றாள் றோசா, புருசனுக்கு முந்தி. "இப்ப சட்டம் சரியான இறுக்கம். எங்கடை பங்கிலையே ஒரு குடும்பத்துக்கு இப்பிடித்தான் நடந்தது. சின்ன விசயம்தான். கடிதம் வந்து, அவ்வளவுதான். பிள்ளை குட்டியோடை ஏன் தம்பி உங்களுக்கு?"

அருமைராசா தேத்தண்ணியைக் குடித்தார்.

இரவியின் முகம் வெளுத்ததை றோசா பார்த்தாள். அவன் கையைக் கட்டிக்கொண்டு செபமாலையின் பக்கம் திரும்பி, "எப்ப ஐயா விடவேணும்?" என்று கேட்டான். கௌரி மட்டும் றோசாவையே பார்த்தபடி நின்றாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் றோசாவுக்குச் சுகமாக இருந்திருக்கும். கோபத்துக்குப் பதில் சொல்ல அவளுக்குத் தெரியும்.

யூலை முதலாம் தேதி மொன்றியலில் பாதிச் சனம் வீடு மாறும் நாள். தெரு நீளத்துக்கும் மெத்தையும் குளிர்சாதனப் பெட்டியும் கிடந்தன. புழுங்கல் என்றால் மூச்சு விடேலாத புழுங்கல். இரவி ஒரு சின்ன வானை வாடகைக்கு எடுத்து, வேலையிடத்துச் சிநேகிதன் ஒருவனோடு சாமான் ஏற்றினான். கட்டிலை இறக்கும்போது அருமைராசா ஒரு பக்கம் பிடித்துக் கொடுத்தார். பெட்டி தூக்குகிற கை, சும்மா இருக்காது. றோசா யன்னல் திரைக்குப் பின்னால் நின்றாள்.

கௌரி கடைசியாகப் பின்வளவுக்கு வந்தாள். அவளுடைய பாகல் அதற்குள் பந்தல் ஏறியிருந்தது. ஸ்கங்க் கிண்டியதுபோக மிஞ்சியது நாலு கொடி. நாலும் போட்டி போட்டுக்கொண்டு மஞ்சள் பூவாகக் கொட்டியிருந்தன. மீன் பொய் சொல்லவில்லை. ஒரு கொடியின் நுனியை எடுத்துப் பந்தலில் சுற்றிவிட்டாள். பிறகு, தன்னுடையதல்ல என்று அப்போதுதான் நினைவு வந்தவள்போலக் கையை எடுத்தாள். குழந்தை "மம்மா, மம்மா" என்று கத்த, போனாள்.

வான் தெருமுனையில் திரும்புமுன்பே றோசா கயிற்றை அவிழ்த்துவிட்டாள்.

இரண்டு கிழமை அவள் ராணிதான். காலையில் எழும்பி வளவின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை நடப்பாள். கௌரியின் கொடியில் பிஞ்சு பிடித்திருந்தது. விரலளவு, பிறகு கையளவு. அந்த நேர்த்தியான பிஞ்சை அவள் வாழ்நாளில் இங்கே கண்டதில்லை. அக்னெஸ் என்கிற பாட்டுக்குழுக்காரிக்குத் தொலைபேசி எடுத்து, "இந்த முறை பார், ஆளுக்கு ரெண்டு பை" என்று சொன்னாள். அக்னெஸ் வழக்கமாகக் கூனல் காய் வாங்குகிறவள். இந்த முறை அவளுக்கும் நேர்க்காய் கிடைக்கும், அவ்வளவு காய்.

மேல்வீட்டில் திருத்தவேலை நடந்தது. புதிய சுடுகாற்றுப் பெட்டி, புதிய யன்னல். யாருக்கு என்று றோசா கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை செபமாலையின் மகன் றெக்ஸ் பிரெஞ்சுக்கார மனைவியோடும் இரண்டு பெடியன்களோடும் வந்து இறங்கினான். திங்கட்கிழமை ஒரு லொறி பின்பக்க ஒழுங்கையால் வந்து, வேலியின் இரண்டு பலகையைக் கழற்றி, ஒரு மலையளவு மணலைக் கத்தரிப் பாத்தியின் மேல் கொட்டிவிட்டுப் போயிற்று.

றோசா வெறுங்காலோடு ஓடினாள். றெக்ஸ் அளவுநாடாவோடு நின்றான்.

"என்ன தம்பி இது?"

"பிசின், அன்ரி. சுவிமிங் பூல். நிலத்துக்கு மேலை நிக்கிறது, வட்டமா. பிள்ளையளுக்கு."

"எவ்வளவு இடம் வேணும்?"

அவன் கையை விரித்துக் காட்டினான். வேலியிலிருந்து படிவரை. "எல்லாம் சமனா இருக்கவேணும் அன்ரி. இல்லாட்டித் தண்ணி ஒரு பக்கம் தள்ளி உடைச்சுப்போடும். அந்தக் கம்பு தடி எல்லாத்தையும் இண்டைக்கே கழட்டித் தாறியளோ, இல்லாட்டி நாங்கள் கழட்டவோ?"

செபமாலை அன்று பின்னேரம் மணலைப் பார்க்க வந்தார். றோசா அவருடைய காருக்கு முன்னால் போய் நின்றாள்.

"வளவு முழுக்க என்னைச் செய்யச் சொன்னனீங்கள்."

"சொன்னனான்தான். அப்ப மகன் வாறதெண்டு முடிவாகேல்லை."

"மகனுக்கெண்டுதானே அதுகளை எழுப்பினனீங்கள்?"

"இப்ப ஏன் அந்தக் கதை? உன்ரை வாடகைக்குள்ளை வளவு இல்லை றோசா. ஒருநாளும் இருந்ததில்லை. சும்மா கிடக்குதெண்டு விட்டனான்."

"அண்ணை, நான் உங்களுக்காகப் பொய் சொன்னனான்! அந்தப் பிள்ளையின்ரை முகத்துக்கு நேரை நிண்டு சொன்னனான்."

செபமாலை கார்த் திறப்பை விரலில் சுற்றிக்கொண்டு அவளைப் பார்த்தார். கோபப்படவில்லை. "எனக்காகவோ, றோசா?" என்று கேட்டார். பிறகு அவளைத் தோளில் தொட்டு, மெல்ல விலக்கிவிட்டுக் கதவைத் திறந்தார்.

பந்தலை அவளே கழற்றினாள். வலது கை எழும்பாததால் ஒரு கையால் இழுத்தாள். கொடிகள் கம்பை விடவில்லை. சுருள் சுருளாகப் பிடித்துக்கொண்டு கிழிந்தன. பிஞ்சுகளைச் சேலை மடியில் கட்டினாள். ஒரு கறிக்குத்தான் போதுமாயிருந்தது. அதை வைத்தபோது அருமைராசா, "கைப்புக் கூட," என்று சொல்லிவிட்டு இரண்டாம் முறை போட்டுச் சாப்பிட்டார்.

ஓகஸ்ட் நடுவில் பின்வளவு முழுக்க நீலத் தண்ணீர். பெடியன்கள் காலையிலிருந்து குதிப்பார்கள். குளோரின் மணம் குசினிக்குள் வரும். றெக்ஸ் நல்ல பெடியன். வேலையால் வருகிற அருமைராசாவைக் கூப்பிட்டு பியர் ஒன்று கொடுப்பான். அவர் காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, ஏணிப்படியில் இருந்து தண்ணீருக்குள் காலைத் தொங்கப் போட்டிருப்பார். மதாம் ஜினெத்தும் நீச்சலுடையோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, இதுதான் நல்லது, மணம் இல்லை என்று பிரெஞ்சில் சொன்னாள். றோசா யன்னலைச் சாத்திக்கொண்டாள்.

அக்னெஸ் தொலைபேசி எடுத்தாள். "என்ன றோசாக்கா, காய் முத்தப் போகுதே. ஆளுக்கு ரெண்டு பை எண்டனீங்கள். எல்லாருக்கும் சொல்லிப்போட்டன். ஞாயிறு கொண்டு வாறியள்தானே?"

"கொண்டு வாறன்," என்று றோசாவின் வாய் சொன்னது.

சனிக்கிழமை அவள் இரண்டு பஸ் மாறித் தூரத்துத் தமிழ்க் கடை ஒன்றுக்குப் போனாள், தன்னை அறியாத கடையாகப் பார்த்து. பாகற்காய்ப் பெட்டியைக் கிண்டினாள். நேர்க்காயை மட்டும் எடுத்தால் பிடித்துவிடுவார்கள். வீட்டுக் கொடியில் எல்லாம் ஒரே அச்சில் வராது. சின்னதும் பெரியதும், இரண்டு கூனலும், நுனி மஞ்சளித்த ஒன்றும் என்று பார்த்துப் பார்த்துப் பொறுக்கினாள். பயற்றங்காயும் நாலு பிடி எடுத்துக் கூடையில் போட்டாள்.

"அன்ரி."

குரல் கேட்டு றோசா திரும்பினாள். கௌரி நின்றாள். கொஞ்சம் மெலிந்திருந்தாள். குழந்தை அவள் கையைப் பிடித்து ஆட்டிக்கொண்டு நின்றது; தலைமயிர் முகம் முழுக்கப் பரந்து கிடந்தது.

"சுகமோ பிள்ளை? எங்கை இப்ப?"

"இஞ்சைதான், பின் றோட்டிலை. நிலத்துக்குக் கீழை ஒரு அறை. இவருக்கு இப்ப பகலும் வேலை, இரவும் வேலை." கௌரி சாதாரணமாகக் கதைத்தாள். "பாகல் காய்ச்சுதோ அன்ரி? நான் வரேக்கை நல்ல பூ."

றோசா கூடையை மற்றக் கைக்கு மாற்றினாள். மாற்றிய கை அந்தப் பழைய தோள்மூட்டுக் கை. "பந்தல் கொள்ளேல்லை பிள்ளை. இண்டைக்கும் பிடுங்கினனான். நாளைக்குக் கோவிலிலை எல்லாருக்கும் குடுக்கவேணும்."

"கத்தரி?"

"அதுவும்தான்."

கௌரி கூடையைப் பார்த்தாள். அவசரப்படாமல் பார்த்தாள், காய் காயாக எண்ணுகிற மாதிரி. பிறகு கையை நீட்டி, பயற்றங்காய்ப் பிடி ஒன்றை எடுத்தாள். அதைக் கட்டியிருந்த நீல றப்பர் பாண்டைப் பக்குவமாக உருட்டிக் கழற்றினாள். இரண்டாம் பிடி, மூன்றாம் பிடி, நாலாம் பிடி. காய்களைத் திரும்பக் கூடையில் அடுக்கி வைத்தாள். றப்பர் பாண்டில் ஒன்றை எடுத்துக் குழந்தையின் தலைமயிரைக் கூட்டி இறுக்கிக் கட்டினாள். மற்ற மூன்றையும் றோசாவின் உள்ளங்கையில் வைத்து, விரலை மடித்துவிட்டாள்.

"வீட்டுக் காய்க்கு றப்பர் பாண்ட் வராது, அன்ரி," என்றாள். "சனம் பிடிச்சுப் போடும்."

குழந்தை றோசாவை அண்ணாந்து பார்த்து, "பொன்ஜூர், மதாம்," என்றது. கௌரி அதைக் கூட்டிக்கொண்டு அரிசி மூட்டைகளின் பக்கம் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. றோசா காசாளர் முன் வரிசையில் நின்றாள். வேறு என்ன செய்ய?

மறுநாள் பூசை முடிந்து, வாசலில் வெயில் நல்ல வெயில். பைகளை எதிர்பார்த்துப் பெண்கள் கூடி நின்றார்கள். றோசா ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். அக்னெஸ் தன் பையைத் திறந்து, ஒரு பாகற்காயை எடுத்து மூக்கில் வைத்து மணந்தாள். கண்ணை மூடிக்கூட மணந்தாள்.

"என்ன இருந்தாலும் றோசாக்கா, உங்கடை மண்ணிலை விளைஞ்சதுக்கு ஒரு வாசம் தனிதான். கடைக்காய் கிட்ட நிக்குமோ?"

"நிக்காது," என்றாள் றோசா.

"வாற ஞாயிறும் கொண்டு வாங்கோ. என்ரை மருமகளின்ரை ஆக்கள் ரொறொன்ரோவிலையிருந்து வருகினம். உங்களிட்டைத்தான் வாங்கித் தாறதெண்டு சொல்லிப்போட்டன். ரெண்டு பை காணாது, நாலு பை."

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் றோசாவைப் பார்த்தார்கள். அவள் தலையாட்டினாள்.